வெயில் காலத்தில் ஓடுவது பழைய மழை

எங்கள் ஓடைக்கு வரைபடத்தில் பெயர் இல்லை. எஸ்டேட்டில் இருந்த காலத்தில் 'பம்பு அவுஸ் அலூர்' என்போம் (அலூர் என்றால் மலாயில் ஓடை), இப்போதும் அப்படித்தான். செம்பனைக் காட்டு மேட்டிலிருந்து இறங்கி, பழைய லயன் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, சடக்குக்கு, அதாவது சாலைக்கு, கீழே ஒரு சிமெண்டுக் குழாயில் நுழைந்து, கடைசியில் சிலாங்கூர் ஆற்றில் சேர்கிறது. ஊர் மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் பத்தாங் பெர்ஜுந்தாய். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. ஆனாலும் தீபாவளிக்கு வரும் சொந்தக்காரர்கள் பழைய பெயரைச் சொல்லித்தான் வழி கேட்கிறார்கள்.

அலூர்க் கரையில் எனக்கு அரை ஏக்கர் தோட்டம் இருக்கிறது. வெண்டை, கத்தரி, கங்கோங், பயற்றங்காய் போடுகிறேன். பன்னிரண்டு வருடமாக இந்தத் தண்ணீரை நம்பித்தான் பாத்தி கட்டுகிறேன். வெயில் காலத்தில் தண்ணீர் குறைவது எனக்குப் புதிதில்லை. ஆனால் ஏன் குறைகிறது, எவ்வளவு குறைகிறது, குறைந்த தண்ணீரை எப்படி எடுக்க வேண்டும் என்பதையெல்லாம் 2024 தொடக்கத்தில்தான் சரியாகக் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்னால் ஒரு தப்பான சண்டை போட்டேன். அங்கிருந்தே சொல்கிறேன்.

பசிபிக் கடல் சூடாகி நம் பக்கம் மழையைக் குறைக்கும் எல் நினோ 2023 நடுவில் தொடங்கி அடுத்த வருடமும் நீடித்தது. பொதுவாகவே மேற்குக் கரையில் ஜனவரி, பிப்ரவரி கொஞ்சம் காய்ச்சல்தான், அதாவது மழையில்லாத வறட்சி. வடகிழக்குப் பருவக்காற்றின் மழையைக் கிழக்குக் கரை வாங்கிக்கொள்ளும், நடுவில் இருக்கும் மலைத்தொடரைத் தாண்டி நமக்கு மிச்சம்தான் வரும். அந்த வருடம் மிச்சமும் வரவில்லை. பிப்ரவரி கடைசியில் எண்ணிப் பார்த்தேன், ஐந்து வாரமாக உருப்படியான மழை இல்லை.

காலையில் போனால் நான் பம்பு போடும் மடுவில் தண்ணீர் பரவாயில்லாமல் இருக்கும். பிற்பகல் மூன்று மணிக்குப் பம்பைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் காற்றை உறிஞ்சிக்கொண்டு கத்தும். ஒரு நாள் அல்ல, தினமும் இதே கதை. எனக்கு மேல் வளைவில் ஒரு அண்ணன் மிளகாய் போட்டிருக்கிறார், அவரிடமும் பம்பு இருக்கிறது. காலையில் இருக்கும் தண்ணீர் மத்தியானத்தில் காணாமல் போகிறது என்றால் வேறு யார் எடுப்பார்கள்? நேராகப் போய்க் கேட்டுவிட்டேன். கேட்டேன் என்று சொல்வது சரியில்லை, கத்தினேன்.

அவர் திருப்பிக் கத்தவில்லை. கொட்டகைக் கதவைத் திறந்து காட்டினார். "தம்பி, பம்பு பட்டறைக்குப் போயி நாலு நாளாச்சு. நான் தோம்புல மொண்டு ஊத்திக்கிட்டு இருக்கேன், பாரு" என்றார். கொட்டகையில் பம்பு இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான் இருந்தது.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மன்னிப்பு கேட்க வேண்டும் என்பது ஒரு பக்கம். அப்படியென்றால் தண்ணீர் எங்கே போகிறது என்பது இன்னொரு பக்கம்.

மறுநாள் ஒரு பிவிசி குழாய்த் துண்டை எடுத்து, அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, மடுவின் ஓரத்தில் ஆடாத ஒரு பழைய சிமெண்டுத் தூணில் அளவுகோலாகக் கட்டினேன். அந்தத் தூண் அப்பா வேலை செய்த பம்பு அவுஸின் மிச்சம். கட்டடம் போய்விட்டது, தூண் மட்டும் நிற்கிறது. அந்த ஒரு நாள் முழுக்க மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்ப் பார்த்து நோட்டில் எழுதினேன். என் பம்பையும் போடவில்லை. காலை ஏழு மணிக்கு பதினொன்றரை சென்டிமீட்டர். பத்து மணிக்குக் கோட்டை விட்டுக் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஒரு மணிக்குப் பத்தரை. நாலு மணிக்குச் சரியாகப் பத்து. இருட்டும்போது அசையாமல் நின்றது. மறுநாள் விடியும்போது மறுபடி பதினொன்றரையைத் தொட்டிருந்தது.

யாரும் எடுக்கவில்லை. ஆனாலும் பகலில் ஒன்றரை சென்டிமீட்டர் குறைகிறது, இரவில் அதுவாகவே ஏறுகிறது.

மரம்தான் குடிக்கிறது! கரையில் நிற்கும் செம்பனை, மூங்கில், காட்டுமரம் எல்லாவற்றுக்கும் வேர் அலூரை ஒட்டிய ஈரமண்ணில்தான் இருக்கிறது. வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகும். அந்த அளவுக்கு வேர் மண்ணிலிருந்து இழுக்கும். அலூருக்குள் கசிந்து வரவேண்டிய தண்ணீரை வழியிலேயே மரம் வாங்கிக்கொள்ளும். பொழுது சாய்ந்ததும் இழுப்பு நின்றுவிடும், கசிவு மறுபடி அலூருக்கு வரும். நிறையத் தண்ணீர் ஓடும்போது இந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியாது. கணுக்கால் தண்ணீர் ஓடும்போதுதான் தெரியும்.

அண்ணனிடம் நோட்டோடு போனேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் நோட்டை வாங்கி விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தார். அடுத்த வாரம் அவர் பம்பு பட்டறையிலிருந்து வந்ததும், "நான் போடுறேன், நீ கீழ போயி கோலைப் பாரு" என்று அவரே சொன்னார். காலை எட்டரைக்குப் போட்டார். பத்தே நிமிடத்தில் என் கோலில் நாலு சென்டிமீட்டர் இறங்கியது. நிறுத்தியதும் அரை மணி நேரத்தில் ஏறி நின்றது. இரண்டுக்கும் வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்தது. மரம் குடித்தால் மெல்லச் சரிந்து மெல்ல ஏறும். பம்பு எடுத்தால் படிக்கட்டு மாதிரி சட்டென்று இறங்கி, சட்டென்று ஏறும். உங்கள் ஓடையில் யாரோ தண்ணீர் திருடுகிறார்கள் என்று சந்தேகம் வந்தால், முதலில் ஒரு கோல் நட்டு இரண்டு நாள் பாருங்கள். வாயைத் திறப்பது அப்புறம்.

சரி, ஐந்து வாரம் மழை இல்லை என்றேன். அப்படியென்றால் அந்தப் பதினொன்றரை சென்டிமீட்டர் தண்ணீர் எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்வியை நான் ஐம்பது வயது வரைக்கும் கேட்டுப் பார்க்கவே இல்லை என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. ஏனென்றால் பதிலை அப்பா சின்ன வயதிலேயே காட்டியிருந்தார்.

அப்பா பம்பு அவுஸில் இருபது வருடம் இருந்தார். லயனுக்கும் ஆயாக் கொட்டகைக்கும் தண்ணீர் ஏற்றுவது அவர் வேலை. காய்ச்சல் காலத்தில் உறிஞ்சும் குழாயை எந்த இடத்தில் இறக்குவது என்று பார்க்க என்னையும் கூட்டிப் போவார். "காலால தேடு, கண்ணால தேடாத" என்பார். வெறுங்காலோடு தண்ணீரில் மெதுவாக நடக்க வேண்டும். வெயில் பட்ட தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். திடீரென்று ஒரு இடத்தில் பாதத்தின் அடியில் மட்டும் சில்லென்று இருக்கும். நகர்ந்தால் போய்விடும், திரும்பி வந்தால் மறுபடி இருக்கும். "இங்கதான் மண்ணு தண்ணி விடுது" என்று அந்த இடத்தில் ஒரு குச்சியைக் குத்துவார்.

மழை பெய்யும்போது ஒரு பங்கு மேலோட்டமாக ஓடி அன்றே ஆற்றுக்குப் போய்விடும். ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கும். இறங்கியது மேட்டுக்கு அடியில் தங்கி, நாள்கணக்கில், மாதக்கணக்கில் மெல்ல நகர்ந்து பள்ளத்துக்கு வந்து கசியும். மழையில்லாத நாளில் ஓடையில் ஓடுவது முழுக்க அந்தக் கசிவுதான். பிப்ரவரியில் நான் வெண்டைக்கு ஊற்றிய தண்ணீர் அக்டோபர், நவம்பரில் பெய்த மழை. அப்போது மண் எவ்வளவு வாங்கி வைத்ததோ அவ்வளவுதான் இப்போது கொடுக்கும்.

இது புரிந்ததும் நோட்டில் பின்னால் எழுதிவந்த எண்களுக்கும் அர்த்தம் கிடைத்தது. ஒரு பெரிய மழைக்கு அப்புறம் முதல் மூன்று நாளில் தண்ணீர் மடமடவென்று இறங்கும். அடுத்த இரண்டு வாரத்தில் நிதானமாக இறங்கும். அதற்கு அப்புறம் ஒரு வாரத்துக்கு ஒரு சென்டிமீட்டர் குறைவதே பெரிது. மேல் மண்ணில் இருக்கும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும், ஆழத்தில் இருப்பது பொறுமையாக வரும். அதனால் ஒரு நல்ல பலன் உண்டு: கோல் வைத்து எழுதிவருகிறவனுக்கு, இன்னும் மூன்று வாரம் மழை வராவிட்டால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று ஓரளவுக்கு முன்கூட்டியே தெரியும். கங்கோங் இன்னொரு தடவை விதைப்பதா, வேண்டாமா என்று நான் இப்போது இதை வைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

இன்னொன்றும் புரிந்தது. நீண்ட காய்ச்சலுக்கு அப்புறம் மார்ச்சில் ஒரு நாள் முக்கால் மணி நேரம் கொட்டியது. தெருவே சந்தோஷப்பட்டது. அலூரில் செந்தண்ணீர் புரண்டது. இரண்டு மணி நேரத்தில் பழைய கோட்டுக்கே வந்துவிட்டது. காய்ந்த மண் முதலில் தன் தாகத்தைத்தான் தீர்க்கும். அது நனைந்து, அதற்கும் கீழே இறங்கினால்தான் ஊற்றுக்குச் சேரும். ஒரு மழையில் அது நடக்காது. ஏப்ரலில் இடியோடு சாயங்கால மழை அடிக்கடி வருமே, அப்படி ஐந்தாறு மழைக்கு அப்புறம்தான் காலைக் கோடு மெல்ல ஏறத் தொடங்கியது.

தண்ணீர் குறைந்த அந்த நாட்களில் கரையோரம் ஒரு செம்பழுப்புச் சேறும், அதன் மேல் வானவில் நிறத்தில் ஒரு படலமும் வந்தது. யாரோ படம் எடுத்து, மேலே டீசல் ஊற்றிவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஒரு குச்சியால் படலத்தைக் கலைத்துப் பார்த்தேன். கண்ணாடி உடைவது போலச் சில்லு சில்லாகப் பிரிந்து, அப்படியே நின்றது. டீசலாக இருந்தால் சுழன்று மறுபடி ஒன்றாகச் சேர்ந்திருக்கும், வாடையும் வந்திருக்கும். இது இரும்புச் சத்தை உண்ணும் நுண்ணுயிர் வேலை. மண்ணுக்கு அடியில் கரைந்திருந்த இரும்பு காற்றைப் பார்த்ததும் துருவாகப் படியும். அப்பா குச்சி குத்திய அதே இடங்களில்தான் அந்தச் செஞ்சேறு அதிகம் இருந்தது. கண்ணால் ஊற்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இதுவும் ஒரு அடையாளம்.

அளப்பதைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டும். கோல் காட்டுவது தண்ணீரின் உயரம்தான், ஓட்டம் அல்ல. இதை நான் தடுக்கி விழுந்துதான் கற்றேன். அந்த மார்ச் மழை மணலைக் கொண்டுவந்து மடுவில் கொட்டியது. தரை உயர்ந்ததால் தண்ணீரும் உயர்ந்து நின்றது. கோல் இரண்டு சென்டிமீட்டர் கூடக் காட்டியது, ஓட்டம் கூடவே இல்லை.

ஓட்டத்தை அளக்க எனக்குக் கிடைத்த நல்ல இடம் சடக்குக்கு அடியில் வரும் குழாய். அதன் வாயில் தண்ணீர் ஒரு முழ உயரத்திலிருந்து விழுகிறது. இருபது லிட்டர் பெயிண்ட் வாளியைப் பிடித்து, கைப்பேசியில் நேரம் பார்த்தால் போதும். மூன்று தடவை பிடித்துச் சராசரி எடுக்க வேண்டும், ஒரு தடவையை நம்பக்கூடாது. மார்ச் முதல் வாரத்தில் வாளி நிரம்ப ஒன்பது நொடி ஆனது. அதாவது நொடிக்கு 2.2 லிட்டர்.

இந்த ஒரு எண் என் தோட்டத்தையே மாற்றியது. என் இரண்டு அங்குலப் பெட்ரோல் பம்பின் மேல் நிமிடத்துக்கு 500 லிட்டர் என்று போட்டிருக்கிறது. நொடிக்கு எட்டு லிட்டருக்கு மேல். வருவது இரண்டு, நான் இழுப்பது எட்டு. மடுவில் தேங்கியிருப்பது தீர்ந்ததும் பம்பு காற்றைத்தான் உறிஞ்சும், வேறென்ன செய்யும்? மரம் பகலில் கொஞ்சம் குறைத்தது உண்மைதான். ஆனால் மடுவைக் காயவைத்தது என் பம்புதான்.

அப்புறம் மறுபக்கக் கணக்கையும் போட்டேன். நொடிக்கு 2.2 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் லிட்டர். என் அரை ஏக்கருக்கு, நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் வீதம் கொடுத்தால், பத்தாயிரம் லிட்டர் போதும். அலூரில் தண்ணீர் இல்லாமல் இல்லை, நான் எடுத்த வேகம்தான் தப்பு. தோட்டத்தின் தாழ்ந்த பக்கத்தில் மூன்று மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம், இடுப்பளவுக்கும் கொஞ்சம் மேல் ஆழத்தில் ஒரு குழி வெட்டித் தார்ப்பாய் விரித்தேன். மடுவிலிருந்து ஒரு அங்குலக் குழாய் போட்டு, வாயால் இழுக்காமல் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் பொத்திக்கொண்டு போய் இறக்கினேன். ஒரு மீட்டர் இறக்கம் இருப்பதால் பெட்ரோல் இல்லாமல் அதுவாகவே ஓடுகிறது. நொடிக்கு அரை லிட்டர்கூட வராது. ஆனால் இரவு பத்து மணிக்குத் திறந்துவிட்டால் காலை நாலு மணிக்குள் பத்தாயிரம் லிட்டர் சேர்ந்துவிடும். மரம் குடிக்காத நேரம், வெயிலில் ஆவியாகாத நேரம், ஓட்டத்தில் நான் எடுப்பது கால் பங்குக்கும் கீழே. குழியை வலையால் மூடி, நாலு கப்பி மீன் விட்டிருக்கிறேன், கொசு வைக்கக்கூடாது. குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் வலை மட்டும் போதாது, சுற்றி வேலி போட்டுவிடுங்கள்.

குழாய் இல்லாத அகலமான ஓடை என்றால் மிதக்கவிட்டு அளக்கலாம். ஓரளவு நேராக ஓடும் பத்து மீட்டரை அளந்து இரண்டு குச்சி நடுங்கள். பழுத்த காஸ்தூரி லிமாவ் (சின்ன எலுமிச்சை) ஒன்றைப் போடுங்கள், அது பாதிக்கு மேல் முங்கி மிதப்பதால் காற்று தள்ளாது. இருபத்தைந்து நொடியில் கடந்தால் நொடிக்கு 0.4 மீட்டர். அகலம் 1.2 மீட்டர், பல இடத்தில் அளந்து எடுத்த சராசரி ஆழம் 0.15 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 0.18 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கி, மேல்தண்ணீர் அடித்தண்ணீரைவிட வேகமாகப் போவதால் 0.85-ஆல் பெருக்கினால் நொடிக்கு 61 லிட்டர் வருகிறது. ஊர்க் கணக்குக்கு இது போதும்.

ஒரு விஷயத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். பாலத்தில் நின்று சிலாங்கூர் ஆற்றைப் பார்த்துவிட்டு, "ஆறு நல்லாத்தானே போவுது" என்பார்கள். அது ஊற்றுத் தண்ணீர் மட்டும் அல்ல. கோல குபு பாரு பக்கம் இருக்கும் சிலாங்கூர் ஆற்று அணை சுமார் 230 மில்லியன் கனமீட்டர் பிடிக்கும், சுங்கை திங்கி அணையும் இருக்கிறது. காய்ச்சல் காலத்தில் அங்கிருந்து தண்ணீரை ஆற்றிலேயே திறந்துவிட்டு, நம் ஊர்ப் பக்கத்தில் எடுத்துச் சுத்திகரித்துக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு அனுப்புகிறார்கள். அங்கே குடிக்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் இந்த ஆறு கொடுப்பதுதான். ஆகவே பெரிய ஆறு காட்டுவது அணையின் கையிருப்பை. நம் மண்ணின் கையிருப்பைத் தெரிந்துகொள்ளச் சின்ன அலூரைத்தான் பார்க்க வேண்டும். 2014 தொடக்கத்தில் அணையே இறங்கிப்போய்ச் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது நினைவிருக்கும். நம் ஊர்ப் பக்கத்துப் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளிலிருந்து ஆற்றுக்குப் பம்பு செய்தார்கள். அந்த வருடம் எங்கள் அலூர் நூலாக ஓடியது, ஆனால் நிற்கவில்லை.

இன்னும் கீழே கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கப் படகு விடுகிறார்களே, அங்கே கோல் நட்டுப் பயன் இல்லை, கடல் ஏற்றவற்றம் கோலை ஆட்டிவிடும். ஆனால் மேலிருந்து வரும் நல்ல தண்ணீர் குறைந்தால் உப்புத்தண்ணீர் ஆற்றில் இன்னும் மேலே ஏறும். மின்மினி உட்காரும் பெரெம்பாங் மரம் இலேசான உப்பைத்தான் தாங்கும். நம் வயலில் கசியும் தண்ணீருக்கும் அந்த விளக்குகளுக்கும் தொடர்பு இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

வடக்கே இருக்கும் ராஜா மூசா கரிமண் (மக்கிய தாவரம் படிந்த மண்) காடு இன்னொரு பெரிய சேமிப்பு. தேயிலைச் சாயம் போல் கறுத்த தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. கரிமண்ணைக் கால்வாய் வெட்டி வடித்தால் அது தண்ணீரையும் விடும், காய்ந்து தீயும் பிடிக்கும். ஒரு தடவை தீ உள்ளே இறங்கினால் அணைப்பது எவ்வளவு பாடு என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரிமண்ணில் செம்பனை போட்டிருக்கும் இடங்களில் கால்வாயில் தண்ணீர் தரையிலிருந்து 50 முதல் 70 சென்டிமீட்டர் கீழே நிற்கும்படி மணல் மூட்டையால் அடைத்து வைப்பது நல்ல பழக்கம். மழை நிற்பதற்கு முன்னாலேயே அடைக்க வேண்டும். காய்ந்த பிறகு அடைத்தால் அடைப்பதற்குத் தண்ணீர் இருக்காது.

மேட்டு நிலத்தில் மரம் வெட்டிப் புதிதாக நடும்போது ஒரு விசித்திரம் நடக்கும். ரப்பரை வெட்டிச் செம்பனை போட்ட வருடம் அலூரில் தண்ணீர் கூடியது என்று அப்பா சொல்வார். குடிக்க மரம் இல்லாததால் கொஞ்ச காலம் கூடும், அதை நம்பிவிடக்கூடாது. டிராக்டர் மிதித்து இறுகிய மண்ணும் மொட்டைச் சரிவும் மழையை உள்ளே விடாது. மூடுகொடி பரப்பி, வெட்டிய மட்டைகளைச் சரிவுக்குக் குறுக்கே அடுக்கி, அங்கங்கே மண்குழி வெட்டிய பிளாக்குகளுக்குக் கீழே இருக்கும் ஊற்றுகள் காய்ச்சலில் தாங்குகின்றன. நானும் என் தோட்டத்தின் மேல்பக்கத்தில் மட்டை அடுக்குகிறேன்.

தண்ணீர் குறைந்த காலத்தில் சுத்தம் பற்றியும் ஒரு வார்த்தை. நொடிக்கு அறுபது லிட்டர் ஓடும்போது கலந்து போகும் சோப்புத்தண்ணீர், இரண்டு லிட்டர் ஓடும்போது அப்படியே நிற்கும். எண்ணெய் ஆலைக் கழிவுநீரை ஆற்றில் விடலாம் என்ற அளவுக்கு ஒரு வரம்பு இருக்கிறது, லிட்டருக்கு 100 மில்லிகிராம் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது அந்த அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன். ஆனால் வாங்கிக்கொள்ளும் ஓடை எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரில் காற்று போதவில்லை என்று அர்த்தம். அன்றைக்குக் கீரைக்கு அந்தத் தண்ணீரைத் தெளிக்க மாட்டேன். தேங்கிய குட்டையில் எலி நடமாட்டம் இருக்கும், காலில் வெட்டுக்காயம் இருந்தால் இறங்காதீர்கள். எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. அந்தச் சித்திரையில் மாரியம்மன் திருவிழாவுக்குக் கரகம் பாலிக்க ஆள்கள் அலூருக்கு வந்தபோது, தேங்கிய மடுவை விட்டு, அப்பா குச்சி குத்திய ஊற்றுப் பக்கம்தான் கூட்டிப் போனேன்.

பம்பு வைத்து ஆற்றிலோ ஓடையிலோ எடுப்பவர்கள் சிலாங்கூரில் லுவாஸ் என்னும் மாநில நீர் நிர்வாக வாரிய அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேட்டுக்கொள்வது நல்லது, 1999-லிருந்து அதற்கென்று மாநிலச் சட்டம் இருக்கிறது. நீர்ப்பாசன, வடிகால் துறையான ஜேபிஎஸ்ஸின் ஆற்றுமட்டப் பக்கத்தையும் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளத்துக்காக வைத்ததுதான், ஆனால் காய்ச்சல் காலத்திலும் அதே அளவீடு உதவும்.

அண்ணனும் நானும் இப்போது ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறோம். வாளி ஆறு நொடிக்குள் நிரம்பினால் அவரவர் விருப்பம். ஆறைத் தாண்டினால் அவர் ஒற்றைப்படைத் தேதி இரவு, நான் இரட்டைப்படை இரவு. பன்னிரண்டைத் தாண்டினால் இரண்டு பேரும் புதிதாக விதைப்பதில்லை, நிற்கும் பயிருக்கு மட்டும் தண்ணீர். இந்த ஜூனில் அவர் வளைவுக்கு மேலேயும் ஒரு கோல் நடப் போகிறோம். இரண்டு கோலுக்கும் நடுவில் எவ்வளவு கசிந்து சேர்கிறது என்று பார்க்க வேண்டும். குழாயை அவர் வாங்கிவிட்டார், கோடு போடும் வேலை என்னுடையது.